தகுதித் தேர்வில் 90 எடுத்தவருக்கு இன்னொரு தேர்வு எதற்கு?

கணிதப் பட்டதாரி:
"பி.எட். முடித்து ஆசிரியர் தகுதித் தேர்வில் 90 மதிப்பெண் எடுத்தால் அரசுப் பள்ளி ஆசிரியராகிவிடலாம்" என்று நேற்று இங்கே ஒருவர் புதியவர்களுக்கு வழிகாட்டியிருக்கிறார். 2013-ஆம் ஆண்டுத் தேர்வில் 150-க்கு 97 எடுத்தும் இன்றுவரை பணி ஆணையைக் கண்ணால் காணாத எனக்கு, அதைப் படித்ததும் வயிறு எரிந்தது. எங்கள் தேர்வு முடிந்த பிறகு, 2014-இல், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தேர்ச்சி மதிப்பெண்ணை 90-இலிருந்து 82 ஆகத் தளர்த்தினார்கள். அதே ஆண்டு தகுதித் தேர்வுக்கு 60, பிளஸ் டூ, பட்டம், பி.எட். மூன்றுக்கும் சேர்த்து 40 என்று வெயிட்டேஜ், அதாவது தரவரிசைக்கான கூட்டு மதிப்பெண், கணக்கிட்டு, மதிப்பெண்ணை அள்ளி வழங்கிய காலத்தில் படித்தவர்களை எங்களுக்கு முன்னால் நிறுத்தினார்கள். 2018-இல் அரசாணை 149 வந்து, தேர்ச்சி பெற்றவர்களும் நியமனத்துக்குத் தனியாகப் போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்றது. 90 எடுத்தவர் தகுதியானவர் என்று அரசே சான்றிதழ் கொடுத்துவிட்டு, அவரை மறுபடியும் ஏன் சோதிக்க வேண்டும்?

பணியிலுள்ள இடைநிலை ஆசிரியர்:
பணியிடங்களைவிடத் தேர்ச்சி பெற்றவர்கள் பல மடங்கு இருக்கும்போது, ஏதேனும் ஒரு முறையில் வடிகட்டித்தான் ஆக வேண்டும். மூன்று மணி நேரப் போட்டியில் முந்த முடியாதவர்கள்தான் பழைய மதிப்பெண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். 97 எடுத்துவிட்டதால் வகுப்பறையில் நிற்கத் தெரிந்துவிடுமா?

கணிதப் பட்டதாரி:
வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில், ஒரு தேர்வும் எழுதாமல் உள்ளே சென்ற தாங்கள் போட்டியைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம். ஓய்வு பெற ஐந்தாண்டுகளுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே, அப்போது எங்கே போயிற்று இந்த வீரம்? முதலில் 90 எடுத்துக் காட்டுங்கள், ஐயா.

பணியிலுள்ள இடைநிலை ஆசிரியர்:
நான் பணியில் சேர்ந்தபோது அந்தத் தேர்வே கிடையாது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அதை விதித்ததே 2010 ஆகஸ்டில்தான். இத்தனை ஆண்டுகள் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவனைத் திடீரென்று தகுதியற்றவன் என்பது எந்த ஊர் நியாயம்?

பட்டயப் படிப்பு மாணவி:
புதிதாக வருபவர்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்கத் தொடக்கக் கல்விப் பட்டயமும் முதல் தாள் தேர்ச்சியும் வேண்டும். பி.எட். அதற்குப் பொருந்தாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றமே கூறிவிட்டது. ஆறு முதல் எட்டு வரைக்கு இரண்டாம் தாள். நேற்று வழி சொன்னவர் இந்த வேறுபாட்டையே குறிப்பிடவில்லை.

கணிதப் பட்டதாரி:
அம்மா, பேச்சு எந்தத் தாள் என்பது அல்ல, 90 பற்றியது. பி.எட். படித்தவர்களைத் தாழ்த்துவதற்கு இங்கே எப்போதும் ஒருவர் வந்துவிடுகிறார்.

பட்டயப் படிப்பு மாணவி:
நான் யாரையும் தாழ்த்தவில்லை. எங்களுக்குரிய இடத்தில் எங்களை விடுங்கள் என்கிறேன்.

பணியிலுள்ள இடைநிலை ஆசிரியர்:
மாணவி சொல்வது சரி. 90, 90 என்று ஓதுகிறவருக்கு வேறு எதுவும் காதில் விழாது.

கணிதப் பட்டதாரி:
விழாதுதான், ஐயா. 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வில் எழுதியவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. நேரம் போதவில்லை என்பதால், அக்டோபரில் மூன்று மணி நேரம் கொடுத்து மறுதேர்வு வைத்தார்கள். அவ்வளவு கடினமான தேர்வில் 90-ஐத் தாண்டியவர்களின் சான்றிதழ், முதலில் ஏழாண்டுதான் செல்லும் என்றார்கள். 2021-இல் ஆயுள் முழுவதும் செல்லும் என்றார்கள். வேலை கொடுக்காத சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லுபடியாகி எனக்கு என்ன பயன்?

பணியிலுள்ள இடைநிலை ஆசிரியர்:
போட்டித் தேர்வு எழுதுங்கள், பயன் தெரியும்.

கணிதப் பட்டதாரி:
தாங்கள் தகுதித் தேர்வு எழுதி, மதிப்பெண்ணை இங்கே போடுங்கள். அதுவரை என் கேள்வி அப்படியேதான் இருக்கும்: 90 எடுத்தவருக்கு இன்னொரு தேர்வு எதற்கு?