மாடியிலிருந்து எறிந்த பந்து: விடை 52 மீட்டராம், எனக்கு 34.6 தான் வருகிறது

பிளஸ் ஒன் மாணவன் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். நேற்று சாயங்காலத்திலிருந்து ஒரே கணக்கில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கணக்கு இதுதான்: 15 மீட்டர் உயரக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து, கிடைத்தளத்துக்கு 30° மேல்நோக்கி, 20 மீ/வி திசைவேகத்தில் ஒரு பந்து எறியப்படுகிறது. கட்டடத்தின் அடியிலிருந்து எவ்வளவு தூரத்தில் தரையைத் தொடும்? ஜி (ஈர்ப்பு முடுக்கம்) மதிப்பு 10 என்று கொடுத்திருக்கிறார்கள்.

கிடைத்தள நெடுக்கத்துக்கான சூத்திரத்தைப் போட்டேன். திசைவேகத்தின் வர்க்கம் 400, அதைக் கோணத்தின் இரு மடங்கான 60°-இன் சைன் 0.866-ஆல் பெருக்கி, ஜி-யான பத்தால் வகுத்தால் 34.64 மீட்டர். கடைசிப் பக்கத்தில் விடை 52 என்று இருக்கிறது. மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். டியூஷனில் கேட்டால் "சூத்திரத்தை ஒழுங்காப் போடு" என்று மட்டும் சொல்கிறார்கள். ஒழுங்காகத்தானே போட்டிருக்கிறேன்?

இன்னொன்று. உச்சியில் திசைவேகம் பூஜ்யம் என்பதால், பந்து மேலே போய் ஒரு கணம் நின்று, பிறகு கீழே இறங்குவதாகப் படம் வரைந்தேன். நண்பன் பார்த்துச் சிரித்தான். அதில் என்ன தப்பு?

பதில் 1

ஜி-க்கு 10 போடாமல் 9.8 போட்டுப் பாருங்கள். சரியாகிவிடும்.

பதில் 2: ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்

9.8 போட்டால் 35.3 வரும். 52-க்குப் பக்கத்தில்கூட வராது. அதை விட்டுவிடலாம்.

தம்பி, நீ போட்ட பெருக்கலில் தப்பே இல்லை. அது வேறொரு கணக்குக்குச் சரியான விடை, அவ்வளவுதான். அந்தச் சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று புத்தகத்தில் ஒரு பக்கம் பின்னால் புரட்டிப் பார். பந்து கிளம்பிய மட்டத்துக்கே திரும்பி வருகிறது, அதாவது செங்குத்து இடப்பெயர்ச்சி பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டுதான் பறக்கும் நேரத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். சமதரையில் எறிந்தால் அது பொருந்தும். உன் பந்து கிளம்பியது மாடியில், விழுவது தரையில். ஆகவே 34.64 மீட்டர் என்பது பந்து மறுபடியும் மாடி மட்டத்துக்கு வந்து சேரும் இடம். உன் கணக்கை அங்கேயே முடித்துவிட்டால் பந்து 15 மீட்டர் உயரத்தில் அந்தரத்தில் நிற்கிறது. கீழே இறங்க அதற்கு இன்னும் நேரம் வேண்டும், அந்த நேரத்திலும் அது பக்கவாட்டில் போய்க்கொண்டே இருக்கும்.

இப்போது சூத்திரத்தை மூடி வைத்துவிட்டுப் போடுவோம். 20 மீ/வி-ஐ இரண்டாகப் பிரி. கிடைத்தளக் கூறு 20 × காஸ் 30° = 17.32. செங்குத்துக் கூறு 20 × சைன் 30° = 10. இனி இரண்டும் தனித்தனி. ஈர்ப்பு செங்குத்துக் கூறை மட்டும்தான் தொடும். வினாடிக்கு 10 வீதம் குறைக்கும். 17.32-ஐத் தொடுவதற்கு யாருமில்லை (காற்றைக் கணக்கில் சேர்க்காதவரை).

மேல்நோக்கி 10, வினாடிக்கு 10 குறைகிறது. ஆக 1 வினாடியில் உச்சி. அதற்குள் ஏறிய உயரம் 5 மீட்டர். மாடி 15, இது 5, மொத்தம் தரையிலிருந்து 20 மீட்டர். 20 மீட்டரிலிருந்து விழ எத்தனை வினாடி? 5 × நேரத்தின் வர்க்கம் = 20, ஆக 2 வினாடி. ஏற 1, இறங்க 2, மொத்தம் 3 வினாடி. அந்த 3 வினாடியும் பக்கவாட்டில் 17.32 வீதம் போயிருக்கிறது. 3 × 17.32 = 51.96. இதோ உன் 52.

உன் சூத்திரம் 2 வினாடியோடு நிறுத்திவிட்டது. விட்டுப்போனது சரியாக ஒரு வினாடி, அதாவது 17.32 மீட்டர். 34.64-உடன் கூட்டிப் பார்.

அப்புறம் உன் படம். உச்சியில் பூஜ்யமாவது செங்குத்துக் கூறு மட்டும். 17.32 அப்படியே இருக்கும். நீ சொல்கிறபடி மொத்தத் திசைவேகமும் பூஜ்யமானால் பந்து அங்கிருந்து கிணற்றில் போட்ட கல் மாதிரி நேர்செங்குத்தாக விழவேண்டும். நண்பன் சிரித்தால் சிரிக்கட்டும், உனக்கு நல்ல துணை இருக்கிறது. 1537-இல் இத்தாலியக் கணித அறிஞர் டார்டாக்லியா பீரங்கிக் குண்டின் பாதையைக் கிட்டத்தட்ட இப்படித்தான் வரைந்தார்: முதலில் சாய்வான நேர்கோடு, நடுவில் ஒரு வளைவு, கடைசியில் செங்குத்தாகக் கீழே. பாதை முழுவதும் பரவளையம் என்னும் ஒரே வளைகோடுதான் என்று கலிலியோ அச்சில் விளக்கமாக எழுதியது 1638-இல். நடுவில் நூறு வருஷம்.

பிளஸ் ஒன் மாணவன்

சார், ரொம்ப நன்றி. 17.32-ஐக் கூட்டியதும் 51.96 வந்ததைப் பார்த்து உட்கார்ந்திருந்த இடத்திலேயே கத்திவிட்டேன், அம்மா என்னவென்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

ஆனால் நண்பன் இதையே ஒரே சமன்பாட்டில் போட்டான். −15 = 10 × நேரம் − 5 × நேரம்². அவனுக்கு 3 என்றும் −1 என்றும் இரண்டு விடை. மைனஸ் ஒன்றை "தள்ளிவிடு" என்கிறான். ஏன் தள்ளவேண்டும்? நேரம் எப்படி மைனஸில் வரும்? 15-க்கு ஏன் மைனஸ்? பந்து கீழே தரைக்குத்தானே போகிறது, 15 மீட்டர் என்றால் 15 தானே?

பதில் 3: பொறியியல் மூன்றாம் ஆண்டு

இதற்கு நான் சொல்கிறேன் தம்பி, எனக்கும் இதே இடத்தில்தான் இடித்தது.

முதலில் மைனஸ் 15. எழுதத் தொடங்கும்போதே ஒரு முடிவு எடுத்துக்கொள்: மாடி பூஜ்யம், மேலே போனால் பிளஸ். அந்த முடிவின்படி தரை இருக்குமிடம் −15. தொடக்கத் திசைவேகம் மேல்நோக்கி, அதனால் +10. முடுக்கம் கீழ்நோக்கி, அதனால் −10. அதில் பாதிதான் சமன்பாட்டில் இருக்கும் −5. கீழ்நோக்கியதைப் பிளஸ் என்று வைத்தாலும் பரவாயில்லை, அப்போது மூன்றுமே குறி மாறும், விடை மாறாது. பாதியில் கட்சி மாறினால்தான் வம்பு. நான் ஒரு தேர்வில் 10-க்கும் 15-க்கும் இரண்டுக்குமே பிளஸ் போட்டுவிட்டு, வர்க்கமூலத்துக்குள் மைனஸ் வந்து முழித்தேன்.

இப்போது −1. தள்ளிவிடுவதற்கு முன்னால் அது என்ன சொல்கிறது என்று ஒரு நிமிடம் கேட்கலாம். சமன்பாட்டுக்கு நீ மாடியில் நின்று எறிந்தது தெரியாது. இந்தப் பரவளையத்தில் போகும் பந்து எந்தெந்த நேரத்தில் −15 மட்டத்தில் இருக்கும் என்று மட்டும்தான் அதனிடம் கேட்டாய். அது நேர்மையாக இரண்டு நேரம் சொல்கிறது. நீ எறிவதற்கு 1 வினாடி முன்னால், தரையிலிருந்து வேறு யாரோ மேல்நோக்கி 20 மீ/வி, பக்கவாட்டில் அதே 17.32 என்று எறிந்திருந்தால், அந்தப் பந்து சரியாக நீ எறியும் கணத்தில், உன் கைக்கு எதிரே, உன் பந்தின் அதே திசைவேகத்தில் வந்திருக்கும். அதற்குப் பிறகு இரண்டு பந்துக்கும் வித்தியாசமே கிடையாது.

சோதித்துப் பார். −1 வினாடியில் செங்குத்துத் திசைவேகம் 10 + 10 = 20. 3-ஆம் வினாடியில் 10 − 30 = −20. ஏறும்போது 20, இறங்கும்போது 20, உச்சி நடுவில் 1-ஆம் வினாடியில். நம் பந்து நேரம் பூஜ்யத்தில்தான் பிறந்தது என்பதால் −1-ஐ எடுத்துக்கொள்வதில்லை. அது தப்பான விடை என்பதால் இல்லை.

பிளஸ் ஒன் மாணவன்

அக்கா, இப்படி யாருமே சொன்னதில்லை. சரி, கடைசியாக ஒன்று. கிடைத்தளமும் செங்குத்தும் தனித்தனி என்று சார் சொன்னதை வீட்டில் செய்து பார்த்தேன். இரண்டு ஒரு ரூபாய் நாணயம், மேசை, ஸ்கேல். ஒன்று நேராக விழவேண்டும், மற்றது பறந்து போய் விழவேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் தரையைத் தொட்டு ஒரே சத்தம் கேட்கவேண்டும். எனக்கு "டக்… டக்" என்று இரண்டு கேட்கிறது. பத்துத் தடவையில் ஏழு தடவை அப்படித்தான்.

பதில் 4: ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்

செய்து பார்த்தாயே, அதற்கே ஒரு சபாஷ். எப்படி வைத்தாய் என்று நீ எழுதவில்லை. ஒரு நாணயத்தைக் கையால் சுண்டிவிட்டு இன்னொன்றைக் கையால் விட்டாயானால் ஏழு தடவை தப்பியதில் ஆச்சரியமில்லை, இரண்டு கையும் ஒரே கணத்தில் வேலை செய்யாது.

ஸ்கேலை மேசை ஓரத்தில் கொஞ்சம் சாய்வாக, ஒரு முனை 5 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும்படி வை. நீட்டிக்கொண்டிருக்கும் முனையின் மேல் ஒரு நாணயம். மற்றதை மேசை மேலேயே, ஸ்கேலுக்கும் மேசை விளிம்புக்கும் நடுவில் வை. ஸ்கேலின் நடுவில் ஒரு விரலால் லேசாக அழுத்திக்கொண்டு, நீட்டிய பகுதியின் பக்கவாட்டில் வெடுக்கென்று தட்டு. ஸ்கேல் மேசையிலிருக்கும் நாணயத்தைத் தள்ளும் பக்கமாகத் திரும்பவேண்டும். மேலே இருந்த நாணயத்தின் அடியிலிருந்து ஸ்கேல் உருவிக்கொள்ளும், அது நேராக விழும். மற்றதை அதே கணத்தில் ஸ்கேல் வெளியே தள்ளிவிடும்.

அப்படிச் செய்தும் இரண்டு சத்தம் வந்தால், தட்டும்போது ஸ்கேல் கொஞ்சம் மேலே எழும்புகிறது என்று அர்த்தம். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மேசை 75 சென்டிமீட்டர் என்றால் நேராக விழும் நாணயத்துக்கு 0.39 வினாடி. பறக்கும் நாணயத்துக்கு மேல்நோக்கி வெறும் அரை மீ/வி கிடைத்துவிட்டால் அதற்கு 0.45 வினாடி ஆகும். வித்தியாசம் ஒரு வினாடியில் ஏறக்குறைய 20-இல் ஒரு பங்கு. கண்ணுக்கு அது பிடிபடாது, காது பிடித்துவிடும். நாணயம் விளிம்பில் உரசிப் புரண்டாலும் இதே கதைதான்.

போனில் வீடியோ எடுத்தாலும் நல்லது. சாதாரணமாக வினாடிக்கு 30 படம். நேராக விழுவது முதல் படத்துக்குள் அரை சென்டிமீட்டர் இறங்கும், அடுத்ததில் 1.6, அதற்கடுத்து 2.7, அப்புறம் 3.8. விகிதம் 1 : 3 : 5 : 7. பறப்பதும் செங்குத்தில் இதே அளவுதான் இறங்கும். ஒவ்வொரு படமாக நிறுத்தி, திரையின் மேல் ஸ்கேல் வைத்து அளந்து பார்.

பதில் 5: பழைய குண்டு எறிதல் ஆள்

நான் கணக்கில் வீக். ஆனால் கல்லூரி நாட்களில் 7.26 கிலோ குண்டைத் தூக்கி எறிந்தவன், அதனால் கேட்கிறேன். 45°-இல் எறிந்தால்தான் அதிக தூரம் என்று புத்தகத்தில் படித்தோம். மைதானத்தில் 45°-க்குத் தூக்கினால் கோச் திட்டுவார். யார் சொல்வது சரி?

பதில் 6: பொறியியல் மூன்றாம் ஆண்டு

உங்கள் கோச்தான் சரி அண்ணா. 45° என்பதும் சமதரைக் கணக்குதான், தம்பி மாட்டிக்கொண்ட அதே பொறி. குண்டு உங்கள் கையை விட்டுப் போவது சுமார் 2 மீட்டர் உயரத்தில். திசைவேகம் 14 மீ/வி என்று வைத்துப் போட்டால் சிறந்த கோணம் 42°-ஐ ஒட்டி வருகிறது.

அது பாதிக் காரணம். கோணத்தைக் கூட்டினால் குண்டின் எடையை எதிர்த்து மேலே தள்ளவேண்டும், கைக்கும் நெஞ்சுக்கும் முன்பக்கம் தள்ளும் பலம்தான் அதிகம். ஆக அதிகக் கோணத்தில் கிடைக்கும் திசைவேகமே குறைந்துவிடுகிறது. தூரத்தைத் திசைவேகத்தின் வர்க்கம் அல்லவா தீர்மானிக்கிறது, அதில் கொஞ்சம் இழந்தாலும் கோணத்தில் சம்பாதித்ததெல்லாம் போச்சு. அதனால்தான் நல்ல வீரர்கள் பெரும்பாலும் 40°-க்குக் கீழேயே எறிகிறார்கள்.

தம்பியின் மாடிக் கணக்கையே வேறு கோணங்களுக்குப் போட்டுப் பார்த்தேன். 45°-இல் 51.6 மீட்டர். 30°-இல் 52. புத்தகம் சொல்லும் 'சிறந்த' கோணம் 30°-இடம் தோற்கிறது! அதிகம் வருவது 37°-இல், 52.9. மாடி உயர உயரச் சிறந்த கோணம் இன்னும் தாழும், ஏனென்றால் பறக்கும் நேரத்தை உயரமே கொடுத்துவிடுகிறது, நாம் பக்கவாட்டு வேகத்துக்குச் செலவழிக்கலாம்.

பதில் 7: ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்

அருமை அம்மா. தம்பிக்கு ஒரு வீட்டுப்பாடம்: அதே பந்து தரையைத் தொடும்போது திசைவேகம் எவ்வளவு? இரண்டு வழியில் போடு. கூறுகளை வைத்து ஒன்று, ஆற்றலை வைத்து ஒன்று. பந்தின் நிறை கொடுக்கவில்லையே என்று கேட்காதே.

பிளஸ் ஒன் மாணவன்

சார், போட்டுவிட்டேன். கூறுகள் 17.32, 20. வர்க்கங்கள் 300, 400, கூட்டினால் 700. ஆற்றல் வழியில் 400 + 2 × 10 × 15, அதுவும் 700. நிறை இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகிறது. வர்க்கமூலம் 26.46 மீ/வி. கோணத்தை 30°-க்குப் பதில் 45° போட்டாலும் 700 தான் வருகிறது, கீழ்நோக்கி எறிந்தாலும் 700 தான். இதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நாணயமும் நீங்கள் சொன்ன மாதிரி வைத்துப் பார்த்தேன். நான் கையால் சுண்டித்தான் செய்திருந்தேன், கண்டுபிடித்துவிட்டீர்கள். இப்போது பத்தில் எட்டுத் தடவை ஒரே "டக்". ஒன்பதாவது தடவை பறந்த ரூபாய் பீரோவுக்கு அடியில் போய்விட்டது. துடைப்பக்குச்சி எட்டவில்லை, அப்பா வந்ததும் நகர்த்தச் சொல்லவேண்டும்.