தரங்கம்பாடியில் காப்பாற்ற வேண்டியது டேனிஷ் கட்டடங்களை மட்டும்தானா?

பொறையாறுக்காரன்:
கோட்டையைச் சீர்செய்தாயிற்று. ஆளுநர் மாளிகையையும் புதுப்பித்தாயிற்று. 1792-ல் கட்டிய நகர வாயிலில் எல்லோரும் நின்று படம் எடுக்கிறார்கள். ஆனால் டேனிஷ்காரர்கள் வருவதற்கு 300 ஆண்டுக்கு முன்பே எழுந்த மாசிலாமணிநாதர் கோயில்? மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது, 1306. ஊருக்கே மூத்த கட்டடம். அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோனபோது யார் பதறினார்கள்?

ராணித்தெரு:
சார், டேன்ஸ்போர்க் கோட்டையை அந்நியர் சொத்தாகப் பேசாதீர்கள். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கர் ஒப்பந்தம் போட்டு இடம் கொடுத்ததால்தான் அந்தக் கோட்டையே வந்தது. 1706-ல் கிறிஸ்தவ மதபோதகர் சீகன்பால்கு இறங்கியதும், தமிழில் புதிய ஏற்பாடு அச்சானதும் இந்த ஊரில்தான். இதெல்லாம் நம் வரலாறு இல்லையா? டென்மார்க்கிலிருந்து ஆட்கள் பணத்தோடு வந்தார்கள், வேலையும் நடந்தது. கோயிலுக்கும் 2013-ல் குடமுழுக்கு நடந்ததே.

பொறையாறுக்காரன்:
அவர்கள் செய்ததைக் குறை சொல்லவில்லை. நாம் செய்யாததைத்தான் சொல்கிறேன். குடமுழுக்கு நடந்தால் வழிபாடு பிழைக்கும். எழுநூறு ஆண்டுச் சுவர் பிழைக்க அது போதாது.

காரைவீடு:
சுவர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கோட்டையானாலும் கோயிலானாலும் திண்ணை வீடானாலும், பழைய செங்கல் கட்டடத்துக்குக் கடலைவிடப் பெரிய எதிரி சிமென்ட். உப்புக் காற்றில் செங்கல் ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புக் காரை பூசிய சுவரில் அந்த ஈரம் வெளியேறிவிடும். சிமென்ட் பூசினால் உள்ளேயே அடைபடும்; உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லை மாவாக உதிர்க்கும். மேலே பார்த்தால் புதுசு, தட்டினால் பொத்தல். அவசரத் திருப்பணியில் எத்தனை பழைய கோயில்களுக்கு இந்தக் கதி! சுனாமிக்குப் பிறகு பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு சில தெரு வீடுகளைப் பழைய முறையிலேயே சீர்செய்தது. அதே கவனம் கோயிலுக்கும் வேண்டும். சுண்ணாம்பைப் புளிக்கவைத்து அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், அதுதான் என் பெரிய கவலை.

ராணித்தெரு:
ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. ஆனால் அலை அடிவாரத்தை அரித்தால் சுண்ணாம்பு என்ன செய்யும்? கரை நெடுகப் பாறாங்கல்லைக் கொட்டி, கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவும் போட்டால்தான் கோட்டையும் கோயிலும் தப்பும்.

வலைக்காரன்:
உங்களுக்குக் கோயில் தப்பும், எங்களுக்கு வீடு போகும். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். நடுவில் கல்லைப் போட்டால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். புதுச்சேரியில் துறைமுகத் தடுப்புச்சுவர் வந்த பிறகு நகரத்துக் கடற்கரை மணல் காணாமல் போனது ஊரறிந்தது. 2004-ல் பறிகொடுத்தவர்கள் நாங்கள். எங்கள் குப்பத்தைக் கேட்காமல் ஒரு கல்லும் போடக் கூடாது.

ராணித்தெரு:
நியாயம். அப்படியானால் கோயிலைப் பிரித்து உள்ளே தள்ளிக் கட்டலாமே? நாகார்ஜுனகொண்டாவில் அணை கட்டும்போது பழஞ்சின்னங்களை மேட்டுக்கு மாற்றினார்கள்.

பொறையாறுக்காரன்:
அங்கே நிலமே தண்ணீருக்குள் போனது, வேறு வழியில்லை. இது கடல் வணிகர் நடமாடிய பட்டினத்தின் கரைக்கோயில், அலைக்கு அருகே இருப்பதுதான் அதன் அடையாளம். கருங்கல்லை எண் போட்டுப் பிரித்து அடுக்கலாம். காரையோடு இறுகிய செங்கல்லைப் பிரித்தால் பாதி நொறுங்கும். முதலில் மிஞ்சியிருப்பதை முழுதாக அளந்து வரைந்து, கல்வெட்டுகளைப் படியெடுத்து, சுண்ணாம்பு வேலையைத் தொடங்கட்டும். கரைக்கு என்ன செய்வது என்பதைக் குப்பத்து ஆட்களை உட்காரவைத்துப் பேசி முடிவெடுக்கட்டும்.