13,47,133 என்ற எண் ரசிகர்களின் ஆர்வத்தைக் காட்டுகிறதா? 2017 இளையோர் உலகக் கோப்பை குறித்து ஒரு கேள்வி

எண்கணக்கன்:

2017 அக்டோபர் 6 முதல் 28 வரை இந்தியாவில் நடைபெற்ற 17 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியை மொத்தம் 13,47,133 பேர் அரங்கில் கண்டார்கள் என்பது ஃபிஃபாவின் கணக்கு. 1985இல் சீனாவில் இதே போட்டி முதன்முறையாக, அப்போது 16 வயதுக்கு உட்பட்டோருக்காக, நடந்தபோது வந்த 12,30,976 பேர் என்ற எண்ணிக்கை இதனால் முறியடிக்கப்பட்டது. 2011இல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையின் எண்ணிக்கையும் பின்தங்கியது. இளையோர் போட்டிகளிலேயே அதிகப் பார்வையாளர்களைக் கண்டது இந்தியாவில் நடந்த போட்டிதான் என்று அன்று எல்லா நாளிதழ்களும் எழுதின.

இளையோர் போட்டிகளுக்கு வரும் கூட்டத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அட்டவணை போட்டுப் பார்த்தபோது ஓர் இடத்தில் பேனா நின்றுவிட்டது. சீனாவில் 16 அணிகள் 32 ஆட்டங்கள் ஆடின. இந்தியாவில் 24 அணிகள் 52 ஆட்டங்கள் ஆடின. வகுத்தால் சீனாவின் சராசரி ஆட்டத்துக்கு ஏறத்தாழ 38,468, நம்முடையது 25,906. மொத்தத்தில் முந்திய நாம் சராசரியில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் பின்தங்கியிருக்கிறோம். இந்த நிலையில் அந்தப் பதின்மூன்றரை லட்சத்தை ரசிகர்களின் ஆர்வத்துக்கான சான்றாக எழுதலாமா, அல்லது ஆட்டங்களின் எண்ணிக்கை கூடியதன் விளைவு என்று மட்டும் எழுத வேண்டுமா? அரங்கில் இருந்தவர்கள் யாரேனும் இங்கே இருந்தால் அவர்கள் கண்டதையும் அறிய விரும்புகிறேன்.

மூன்றாம் வரிசை:

சராசரியைப் பார்த்தது சரி. ஆனால் அந்தச் சராசரியையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். குழுச் சுற்றில் ஒவ்வோர் அரங்கிலும் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் நடந்தன, மாலை 5 மணிக்கு ஒன்றும் இரவு 8 மணிக்கு ஒன்றுமாக. ஒரே டிக்கெட்டில் இரண்டையும் பார்க்கலாம். ஆனால் எண்ணிக்கை ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனித்தனியாகப் பதிவானது. இரண்டு ஆட்டங்களுக்கும் உட்கார்ந்திருந்தவர் இரண்டு பார்வையாளராகக் கணக்கில் ஏறினார். எனவே 13,47,133 என்பது ஆட்களின் எண்ணிக்கையே அல்ல, வருகைகளின் எண்ணிக்கை. இதில் மோசடி எதுவும் இல்லை. உலகம் முழுவதும் இப்படித்தான் எண்ணுகிறார்கள். 'இத்தனை லட்சம் பேர் வந்தார்கள்' என்று நாம் எழுதும்போதுதான் அது பிழையாகிறது.

அக்டோபர் 9 அன்று டெல்லி ஜவாஹர்லால் நேரு அரங்கில் இருந்தேன். 5 மணிக்குக் கானாவும் அமெரிக்காவும் ஆடியபோது என் வரிசையில் என்னையும் சேர்த்து நான்கு பேர். எங்களுக்கு மேலே இருந்த பகுதியில் மட்டும் சீருடை அணிந்த பள்ளி மாணவர்கள் நிறைந்திருந்தார்கள்; பந்து கோட்டுக்கு வெளியே போனாலும் கரவொலி, கோல் கீப்பர் கையுறையைச் சரிசெய்தாலும் கரவொலி. அவர்களுக்கு டிக்கெட் இலவசம். 7 மணிக்குப் பிறகுதான் கூட்டம் வாயில்களில் நெருக்கித் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. இந்தியா கொலம்பியாவுடன் மோதிய 8 மணி ஆட்டத்தில் என் வரிசையில் கால் நீட்ட இடமில்லை. 82ஆம் நிமிடத்தில் கார்னர் பந்தை ஜீக்சன் சிங் தலையால் முட்டி வலைக்குள் தள்ளினார். ஃபிஃபா உலகக் கோப்பை எதிலும் இந்தியா அடித்த முதல் கோல் அது. என் பக்கத்தில் இருந்த முன்பின் அறியாத பெரியவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் கையை எடுப்பதற்குள் கொலம்பியா அடுத்த கோலை அடித்துவிட்டது, இடையில் ஒரு நிமிடம்தான். அந்த நிமிடத்தில் இலவச டிக்கெட்காரர் யார், காசு கொடுத்து வந்தவர் யார் என்று உங்களால் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

வெளியேறிய வாயில்:

மேலே நண்பர் எழுதியதை மறுக்கவில்லை, ஆனால் டெல்லியை வைத்து எதையும் நிறுவ முடியாது. போட்டியை நடத்தும் நாட்டின் அணி ஆடினால் கூட்டம் வருவது இயல்பு. அந்த அணி வென்றுகொண்டே போனால் கூட்டம் பெருகும். 1989இல் ஸ்காட்லாந்தில் அதுதான் நடந்தது. தொடக்கத்தில் சில ஆயிரம் பேர் வந்த போட்டியில், ஸ்காட்லாந்துச் சிறுவர்கள் இறுதிக்கு முன்னேறியதும் கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்கில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். பெனால்டி ஷூட் அவுட்டில் சவூதி அரேபியா கோப்பையை எடுத்துச் சென்றது வேறு கதை. 1991இல் போர்ச்சுகல் 20 வயதுக்கு உட்பட்டோர் இறுதி ஆட்டத்தில் பிரேசிலைச் சந்தித்தபோது லிஸ்பனின் லூஸ் அரங்கில் 1,27,000 பேர் இருந்தார்கள். லூயிஸ் ஃபிகோவும் ரூயி கோஸ்டாவும் ஆடிய அணி அது. பெண்கள் போட்டியிலும் இதே கதைதான். 2002இல் 19 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான முதல் உலகப் போட்டியைக் கனடா நடத்தியது. கிறிஸ்டின் சின்கிளேரின் கனடா அணி இறுதிக்கு வந்ததால் எட்மன்டனில் 47,784 பேர் கூடினார்கள். அணி முன்னேறியது, மக்கள் வந்தார்கள். இதை இளையோர் கால்பந்தின் மீதான ஆர்வம் என்பதைவிடத் தேசப் பற்று என்பதே பொருத்தம்.

இந்தியாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. மூன்று ஆட்டங்களிலும் தோற்று, ஒன்பது கோல் வாங்கி ஒரே ஒரு கோல் அடித்து, அக்டோபர் 12ஆம் தேதியே நம் அணி வெளியேறிவிட்டது. அதன் பிறகும் 24 ஆட்டங்கள் மீதமிருந்தன. அவற்றுக்கு வந்த கூட்டத்தைத்தான் நீங்கள் எடுத்து எழுத வேண்டும். கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில் பிரேசிலும் ஜெர்மனியும் ஆடிய காலிறுதிக்கு 66,613 பேர், இங்கிலாந்து பிரேசில் அரையிறுதிக்கு 63,881 பேர், இங்கிலாந்து ஸ்பெயின் இறுதிக்கு 66,684 பேர். சொந்த அணியே இல்லாத இந்த மூன்று ஆட்டங்களுக்கு மட்டும் ஏறத்தாழ இரண்டு லட்சம் வருகைகள். அதிலும் அந்த அரையிறுதி முதலில் குவாஹாட்டியில் நடக்கவிருந்தது. மழையில் அங்கே ஆடுகளம் கெட்டுப்போனதால் ஆட்டத்துக்கு இரண்டே நாள் இருக்கும்போது கொல்கத்தாவுக்கு மாற்றப்பட்டது. இரண்டு நாள் அவகாசத்தில், வார நாள் ஒன்றில், அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள் என்றால் அவர்களைப் பேருந்து வைத்து யாரும் அழைத்து வரவில்லை என்று துணிந்து எழுதலாம்.

எண்கணக்கன்:

மிக்க நன்றி. நம் அணி வெளியேறிய பிறகு நடந்த ஆட்டங்களைத் தனியே பிரிக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் ஓர் ஐயம். கொல்கத்தாவில் பிரேசிலுக்கு இருக்கும் செல்வாக்கு ஊரறிந்த செய்தி. அந்தக் கூட்டம் பதினாறு வயதுப் பையன்களைப் பார்க்க வந்ததா, அவர்கள் அணிந்திருந்த மஞ்சள் சட்டையைப் பார்க்க வந்ததா? இறுதி ஆட்டத்தில் பிரேசில் இல்லை என்பதால் அந்த 66,684 என்ற எண்ணையே நான் அதிகம் நம்புகிறேன்.

கோட்டுக்கு வெளியே:

அதையும் நம்ப வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மன்னிக்கவும். அக்டோபர் 28 அன்று இறுதி ஆட்டத்துக்கு முன்னதாக அதே அரங்கில் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் நடந்தது. அதில் மாலியை 2–0 என்று வென்றது பிரேசில்தான். மஞ்சள் சட்டையைப் பார்க்க வந்தவர்கள் அப்படியே உட்கார்ந்து அடுத்த ஆட்டத்தையும் பார்த்திருப்பார்கள் அல்லவா?

ஆனாலும் நான் அரையிறுதிக்குப் போயிருந்தேன். அங்கே கண்டது என் எண்ணத்தைக் கொஞ்சம் மாற்றியது. தொடக்கத்தில் அரங்கில் பெரும்பகுதி பிரேசில் பக்கம். இங்கிலாந்தின் ரியான் புரூஸ்டர் முதல் கோலை அடித்தபோது எங்கள் பகுதியில் முணுமுணுப்பு மட்டும்தான். அவர் இரண்டாவது கோலை அடித்தபோது சிலர் எழுந்தார்கள். மூன்றாவது கோலும் அவருடையதாகி ஹாட்ரிக் ஆனபோது, மஞ்சள் சட்டை அணிந்து கன்னத்தில் பிரேசில் கொடி வரைந்திருந்த ஓர் இளைஞர் கைதட்டினார். பிறகு தன் நண்பர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டார். மூன்று நாள் கழித்து இறுதி ஆட்டத்தில் ஸ்பெயின் 2–0 என்று முன்னிலை பெற்றதும், இங்கிலாந்து திரும்பி வந்து 5–2 என்று வென்றதும், ஃபில் ஃபோடன் இரண்டு கோல் அடித்ததும் தெரிந்ததே. பெரியவர்களின் உலகக் கோப்பைக்கு ரசிகர்கள் யாருக்காகக் கத்த வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு வருகிறார்கள். இங்கே எந்தப் பையனின் பெயரும் முன்கூட்டித் தெரியாது, கண்ணெதிரே ஒருவன் ஆடுவதைப் பார்த்துத்தான் அவனைப் பிடித்துப்போகிறது. வாயிலில் எண்ணும் எந்திரத்தில் இது பதிவாகாது.

மூன்றாம் வரிசை:

அழகாகச் சொன்னீர்கள், ஆனால் அந்தப் பிடிப்பு எத்தனை நாள் நீடித்தது என்றும் கேட்க வேண்டும். அதே இந்தியச் சிறுவர்களில் பலர் அடுத்த சில வாரங்களில் இந்தியன் ஆரோஸ் என்ற பெயரில் ஐ-லீக் என்ற உள்நாட்டுக் கால்பந்துத் தொடரில் ஆடினார்கள். அவர்களின் ஆட்டங்களுக்கு அக்டோபர் கூட்டத்தின் சிறு பங்குகூட வரவில்லை. டெல்லியில் என் தோளை உலுக்கிய பெரியவரை, ஆரோஸ் ஆடிய அம்பேத்கர் மைதானத்தில் நான் தேடினேன் என்று எழுதினால் மிகையாகத் தோன்றும். ஆனால் தேடுவதற்கு அங்கே பெரிய கூட்டம் இல்லை என்பது மட்டும் உண்மை.

வெளியேறிய வாயில்:

கட்டுரையில் இன்னொன்றையும் கவனியுங்கள். கொச்சி அரங்கில் நாற்பதாயிரத்துக்கும் மேல் உட்காரலாம் என்றாலும், பாதுகாப்புக் காரணத்துக்காக அந்தப் போட்டியில் 29,000 பேருக்கு மட்டுமே அனுமதி. அங்கே கூட்டம் குறைவாகத் தெரிந்தால் அதற்குக் கேரள ரசிகர்களைக் குறை சொல்லக்கூடாது. பிற்காலப் போட்டிகளோடு ஒப்பிடுவதிலும் எச்சரிக்கை வேண்டும். 2025 முதல் இந்தப் போட்டி ஆண்டுதோறும் கத்தாரில், 48 அணிகளுடன், 104 ஆட்டங்களாக நடக்கிறது. இறுதி ஆட்டம் தவிர மற்றவை எல்லாம் ஆஸ்பயர் வளாகத்தின் ஆடுகளங்களில், ஒரே நேரத்தில் பல ஆட்டங்களாக நடத்தப்படுகின்றன. அறுபதாயிரம் பேர் உட்காருவதற்கான ஏற்பாடே அல்ல அது. அங்கே மொத்தத்தைப் பார்த்தாலும் சராசரியைப் பார்த்தாலும் ஆர்வம் புலப்படாது.

எண்கணக்கன்:

அட்டவணையைத் திருத்திவிட்டேன். 'பார்வையாளர்கள்' என்ற தலைப்பை நீக்கி 'வருகைகள்' என்று எழுதியிருக்கிறேன். அரங்கின் அனுமதிக்கப்பட்ட அளவு, அன்று அங்கே நடந்தது ஓர் ஆட்டமா இரண்டா, சொந்த அணி களத்தில் இருந்ததா என்று மூன்று கட்டங்கள் கூடுதலாக வந்துள்ளன. சீனாவின் 32 ஆட்டங்களுக்கு இவற்றை நிரப்புவதுதான் பாக்கி. 1985இல் அரங்கில் இருந்த யாரும் இந்தப் பக்கம் வர வாய்ப்பில்லை என்பதால், அதை நானே தேடிக்கொள்கிறேன்.