தெருக்காட்சிப் படத்தில் முகத்தை மறைத்துவிட்டார்கள், ஆள் அப்படியே தெரிகிறேன். என்ன செய்யலாம்?

தாழ்வாரம்:

போன மாதம் அலுவலகத்தில் ஒருவர் என் மேஜைக்கு வந்து, கைப்பேசியை நீட்டி, "இது நீங்கள்தானே?" என்று கேட்டார். வாடகைக்கு ஓர் இடம் பார்க்கப் போகுமுன், தெரு எப்படி இருக்கிறது என்று கூகுள் வரைபடத்தின் தெருக்காட்சியில் (ஸ்ட்ரீட் வியூ) பார்த்திருக்கிறார். அந்த இடத்துக்கு அடுத்த கட்டடம் ஒரு மனநல மருத்துவமனை. அதன் மூன்றாவது படியில் நான் ஏறிக்கொண்டிருக்கிறேன்.

முகத்தை மறைத்திருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஈரக்கையால் மையைத் தேய்த்தது போல ஒரு கலங்கல். ஆனால் நான் சிறுவயதிலிருந்தே இடது கையில் ஊன்றுகோல் வைத்து நடப்பவள். வியர்த்தால் வழுக்கும் என்று பிடியில் பச்சை இன்சுலேஷன் டேப் சுற்றியிருப்பேன். படத்தில் அந்தப் பச்சைதான் முதலில் கண்ணில் படுகிறது. படியேறும்போது இடது தோள் மேலே தூக்கிக்கொள்ளும், அதுவும் இருக்கிறது. முதுகில் தினமும் அலுவலகத்துக்குக் கொண்டுவரும் நீலப் பை. தலைக்கு மேலே மருத்துவமனையின் பெயர்ப்பலகை. "மாலை 5 முதல் 8 வரை" என்பதுவரை ஓர் எழுத்து விடாமல் படிக்கலாம். வேடிக்கை என்னவென்றால், பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தில் சிரிக்கிற பெண்ணின் முகத்தையும் மறைத்திருக்கிறது, முகங்களைத் தானாக மறைக்கும் அந்தக் கணினி நிரல். ஊருக்கெல்லாம் முகம் காட்டுவதற்கென்றே சம்பளம் வாங்கியவள்!

கேட்டவர் கெட்டவர் இல்லை. "உடம்புக்கு ஒன்றுமில்லையே?" என்று விசாரித்துவிட்டுப் போய்விட்டார். "வேறு யாரோ" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் பார்வை மேஜையில் சாய்த்து வைத்திருந்த ஊன்றுகோலில் இருந்தது. பேசாமல் இருந்துவிட்டேன். சிகிச்சைக்குப் போவதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பதை மட்டும் என் கையில் வைத்திருந்தேன். அது போயிற்று.

முழு உருவத்தையும் மறைக்கச் சொல்லிக் கேட்க முடியுமா? கேட்டால் நான்தான் அது என்று நிரூபிக்க வேண்டியிருக்குமா? அப்புறம், மறைத்துவிட்டால் "இங்கே எதையோ மறைத்திருக்கிறார்கள்" என்று அதுவே கண்ணை இழுக்காதா?

நடைவண்டி:

முடியும். வீட்டுக்காக ஒரு முறை, தங்கைக்காக ஒரு முறை செய்திருக்கிறேன். அடையாள அட்டை எதையும் என்னிடம் கேட்கவில்லை, மின்னஞ்சல் முகவரி மட்டும் கொடுத்தேன். படத்தின் கீழ் மூலையில் சின்ன எழுத்தில் புகார் செய்யும் இணைப்பு இருக்கும். அதை அழுத்தினால் படத்தின்மேல் ஒரு பெட்டி வரும். பெட்டிக்குள் நீங்கள் வரும்படி படத்தைத் திருப்பி, பெரிதாக்கிக்கொள்ளுங்கள். எதை மறைக்க வேண்டும் என்று கேட்கும்போது 'முகம்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். முகம்தான் ஏற்கெனவே மறைந்திருக்கிறதே என்று பார்ப்பவர் கடந்து போய்விடலாம். விளக்கம் எழுதும் இடத்தில் "முழு உடல், கையில் உள்ள ஊன்றுகோல், முதுகுப் பை" என்று பிரித்து எழுதுங்கள். கூகுளின் உதவிப் பக்கத்திலேயே முழு உடலையோ வீட்டையோ வாகனத்தையோ மறைக்கக் கேட்கலாம் என்று இருக்கிறது.

எல்லோரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. கூரையில் கேமரா வைத்த கூகுள் கார் சில மீட்டருக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டே போகிறது. அதனால் நீங்கள் ஒரு படத்தில் மட்டும் இருக்க மாட்டீர்கள். அம்புக்குறியை முன்னும் பின்னும் தட்டிப் பாருங்கள். தூரத்தில் வரும்போது ஒன்று, நேரே ஒன்று, தாண்டிய பிறகு திரும்பிப் பார்த்தால் ஒன்று என்று வரும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் புகார் போடுங்கள். 2014 முதல் பழைய தேதிப் படங்களையும் பார்க்க முடிகிறது, அங்கேயும் ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள்.

மறைத்ததைத் திரும்ப எடுக்க முடியாது. உங்களுக்கு அது நல்லதுதான். வீட்டை மறைப்பவர்கள் மட்டும் கொஞ்சம் யோசித்துச் செய்ய வேண்டும்.

நேர்கோடு:

வருத்தம் புரிகிறது. ஆனாலும் கேட்கிறேன், பொதுத்தெருவில் நடந்தது தெருவில் போன எல்லாருக்கும் தெரிந்ததுதானே? உங்கள் சக ஊழியர் அன்று அந்த வழியே வந்திருந்தாலும் பார்த்திருப்பார். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பக்கம் ஒரு தம்பதி, தங்கள் தனிப்பாதைக்குள் வந்து படம் எடுத்துவிட்டார்கள் என்று 2008இல் கூகுள்மேல் வழக்குப் போட்டார்கள். 2010இல் அது 1 டாலர் இழப்பீட்டோடு முடிந்தது. தனிப்பாதைக்கே அவ்வளவுதான். தெருவுக்கு என்ன கிடைக்கும்?

பழைய ஏடு:

நேர்கோடு, அது அமெரிக்கா. சுவிட்சர்லாந்துக்கு வாருங்கள். தாழ்வாரம், உங்களுக்காகவே எழுதியது போல ஒரு தீர்ப்பு அங்கே இருக்கிறது.

அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையர் கூகுளை நீதிமன்றத்துக்கு இழுத்தார். 2012 மே மாத இறுதியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. நூற்றுக்கு 99 படங்களில் ஆள் அடையாளம் தானாக மறைந்தால் போதும், மிச்சம் ஒரு சதவீதப் பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம், புகார் வந்தால் உடனே சரிசெய்ய வேண்டும் என்றார்கள். செய்தித்தாள்கள் இதைத்தான் பெரிதாகப் போட்டன. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பள்ளி, மருத்துவமனை, முதியோர் இல்லம், பெண்கள் காப்பகம், நீதிமன்றம், சிறை போன்ற இடங்களைச் சுற்றி முகத்தை மறைத்தால் மட்டும் போதாது. தோல் நிறம், உடை, உடல் ஊனமுற்றவர் பயன்படுத்தும் துணைக்கருவி ஆகியவையும் தெரியக் கூடாது. அதுவும் படத்தை வெளியிடுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும். துணைக்கருவி என்றால் உங்கள் ஊன்றுகோல்தான்.

அதாவது, முகம் மறைந்தால் ஆள் மறைந்துவிடமாட்டார் என்பது நீங்கள் மட்டும் கண்டுபிடித்த விஷயம் அல்ல. நீதிபதிகளே உட்கார்ந்து பட்டியல் போட்டிருக்கிறார்கள். புகாரில் இடம் மருத்துவமனை வாசல் என்பதையும் கருவி தெரிகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தத் தீர்ப்பு மற்ற நாடுகளைக் கட்டுப்படுத்தாது. ஆனால் படிப்பவருக்கு நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்று சட்டென்று விளங்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலிக்கும் மதிலுக்கும் மேலாக எட்டிப் பார்த்து உள்ளே எடுத்த படங்களைப் போடக் கூடாது என்பதும் அதே வழக்கில் வந்ததுதான். அதற்காகக் கேமராவின் உயரத்துக்கு அவர்கள் வைத்த எல்லை 2 மீட்டர். ஜப்பானிலும் இதே சிக்கல் வந்து, 2009இல் கேமராவை 40 சென்டிமீட்டர் கீழே இறக்கிப் படங்களைப் புதிதாக எடுத்தார்கள். வழிப்போக்கன் கண் எங்கே இருக்கிறது, கேமராவின் கண் எங்கே இருக்கிறது என்பதுதான் நேர்கோடு கேட்ட கேள்விக்குப் பதில். வழிப்போக்கன் ஒரு நொடி பார்த்துவிட்டு மறந்துவிடுவான். இது காரின் கூரைக்கு மேலிருந்து பார்க்கிறது, முகவரியோடு சேர்த்து வைக்கிறது, எவர் தேடினாலும் எடுத்துக் கொடுக்கிறது.

இரவுப்பணி:

முகம் மறைக்கும் நிரலின் லட்சணம் தெரியாதா? 2016இல் கேம்பிரிட்ஜில் ஆற்றங்கரையில் நின்ற ஒரு பசுவின் முகத்தை மறைத்து வைத்திருந்தது. பசுவுக்குக் கிடைத்த மரியாதை.

மறைத்தால் கண்ணை இழுக்குமா என்று கேட்டீர்கள். வீடு என்றால் இழுக்கும். ஜெர்மனியில் 2010இல் வெளியிடுவதற்கு முன்பே சுமார் 2,44,000 வீட்டார் தங்கள் வீட்டை மறைக்கச் சொன்னார்கள். வெளியான பிறகு எஸ்ஸன் நகரில் மறைத்த வீடுகளாகத் தேடிப் போய் முட்டை எறிந்து, கூகுளைப் புகழ்ந்து சீட்டு ஒட்டிவிட்டு வந்த கூட்டமும் இருந்தது. தெருவில் நிற்கிற ஓர் ஆள் மங்கலாகத் தெரிந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், எல்லோருமே அங்கே பாதி மங்கல்தான்.

ஆனால் நடைவண்டி, "திரும்ப எடுக்க முடியாது" என்பது அந்தப் படத்துக்கு மட்டும்தான். ஜெர்மனியில் 2023இல் புதுப் படங்கள் வந்தபோது பழைய கோரிக்கைகள் செல்லாமல் போயின, திரும்பக் கேட்க வேண்டியிருந்தது.

சிறுகுறிப்பு:

கார் எடுத்த படம் தனி, ஆட்கள் தாங்களாக ஏற்றும் படம் தனி. மருத்துவமனையின் பக்கத்தில் யாராவது வாசலை எடுத்துப் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அதற்கு வேறு புகார். ஆப்பிள் வரைபடம், மேப்பில்லரி என்ற தெருப்படத் தளம் இரண்டிலும் இதே தெரு இருக்கலாம். ஓரிடத்தில் மறைத்தால் மற்ற இடத்தில் மறையாது.

தாழ்வாரம்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

நடைவண்டி சொன்னபடி அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே போனேன். ஒரு படம் என்று நினைத்தது நான்கு. முதல் படத்தில் நான் தெருமுனையில் நின்று கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அன்று உள்ளே போவதா வேண்டாமா என்று நின்றது எனக்கு நினைவிருக்கிறது. எவ்வளவு நேரம் நின்றேன் என்பதுதான் மறந்து போயிருந்தது. இரண்டு வண்டிகள் கடந்து போகும் நேரம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அதில் ஒன்று கேமரா வைத்த கார் போல. நேர்கோடு, நீங்கள் சொல்கிற வழிப்போக்கர் யாரும் அன்று என்னை அப்படிப் பின்தொடர்ந்து நான்கு முறை பார்க்கவில்லை.

நான்கு புகார் போட்டேன். "மருத்துவமனை வாசல், ஊன்றுகோல், முழு உருவம்" என்று பழைய ஏடு சொன்ன மாதிரியே எழுதினேன். ஆறாம் நாள் மூன்றில் மறைத்துவிட்டார்கள். நான் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தூண் நிற்கிறது. இரவுப்பணி சொன்னது சரி, அது கண்ணை உறுத்தவில்லை. விளம்பரப் பெண்ணுக்கு மட்டும் இன்னும் முகம் இல்லை.

நான்காவது, அந்தப் படிக்கட்டுப் படம். என்னை முழுக்க மறைத்துவிட்டார்கள், பை, தோள், பச்சை டேப் எல்லாம் போய்விட்டது. ஊன்றுகோலின் அடியில் இருக்கும் கறுப்பு ரப்பர் முனையும் அதற்கு மேல் நான்கு விரல் அளவு அலுமினியமும் மட்டும் இரண்டாவது படியில் துருத்திக்கொண்டு நிற்கின்றன. நேற்று இரவு அதற்கு இன்னொரு பெட்டி போட்டு அனுப்பியிருக்கிறேன்.