மிசான்சேனுக்குத் தமிழ்: ‘காட்சியமைப்பு’ போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

இளங்கலை மாணவர் முதன்முதலாகத் திரைத்திறனாய்வுக் கட்டுரை எழுதுவதற்கான கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் தட்டி நிற்கிறது: மிசான்சேன். பிரெஞ்சு நாடகத்தார் சொல். மேடையில் இடுதல் என்று பொருள். சினிமாவில் களம், ஒளி, உடையும் ஒப்பனையும், நடிகர் நிற்பதும் நகர்வதும் இதில் அடங்கும். படத்தொகுப்பு சேராது.

கையேடு சொல்லும் முறை: மூன்று நிமிடத்துக்கு மிகாத ஒரே காட்சி. முதல் தடவை குறிப்பெடுக்காமல் பார்க்க வேண்டும். அடுத்து நிறுத்தி நிறுத்தி, ஷாட்டுக்கு ஒரு வரி. மூன்றாம் தடவை ஒலியை அணைத்துவிட்டு, மேற்சொன்ன நான்கை மட்டும். ‘அந்த நாள்’ (1954) நல்ல பயிற்சிப் படம். பாட்டே இல்லை, வெளிச்சமும் நிழலும் நிறைய.

மூன்றாம் படிக்குத்தான் சொல் வேண்டும். ‘காட்சியமைப்பு’ என்றால் திரைக்கதையில் காட்சிகளை அடுக்கிய விதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆயிரம் சொல் கட்டுரையில் அறுநூறு கதைச்சுருக்கமாகப் போய்விடுகிறது.

மறுமொழி 1

ஐயா, ‘அரங்கமைவு’ இருக்கக் கவலை ஏன்? சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் 24 விரல் நீளக் கோலால் 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம் என்று அரங்கை அளக்கிறார்கள். மூவகை எழினி, அதாவது திரை, கட்டுகிறார்கள். தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு வைக்கிறார்கள். களமும் ஒளியும் அங்கேயே வந்துவிட்டன! மேலும், ‘அரங்கின்றி வட்டாடி’ என்ற குறளில் (401) அரங்கு என்பது காயாட்டத்துக்குக் கீறிய கட்டம். ஆற்றின் நடுவே உள்ள தீவான ஆற்றிடைக்குறையும் அரங்கம்தான். எல்லை வகுத்த இடம் எல்லாமே அரங்கு என்றால், கேமராச் சட்டகமும் அரங்கே.

மறுமொழி 2

வேர் அழகாக இருக்கிறது. ஆனால் இன்றைய மாணவருக்கு அரங்கு என்றால் திரையரங்கு. ‘அரங்கமைவை ஆராய்க’ என்று கேட்டால் நாற்காலி வரிசையை எழுதி வைப்பார். மிசான்சேன் என்றே இருக்கட்டும். வடவெழுத்து ஒரீஇ, அதாவது வடவெழுத்தை விலக்கி, வடசொல்லை ஏற்கத் தொல்காப்பியர் வழிவிட்டிருக்கிறார்; பிரெஞ்சுக்கும் அதே வழிதான்.

மறுமொழி 3

அந்த நூற்பா வடசொல்லுக்கு மட்டும். எல்லாவற்றுக்கும் கதவு திறக்காதீர்கள், அம்மா.

நமக்குச் சங்க அகப்பாட்டின் முதல், கரு, உரி என்ற மூன்று பொருள்கள் இருக்கிறதே. இடமும் பொழுதும் முதல், அங்குள்ள பொருள்கள் கரு, மனநிலை உரி. ‘கருப்பொருள்’ இன்று கதையின் மையக்கருத்துக்குப் போய்விட்டதால் கலைச்சொல்லாக ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுதும் முறைக்கு இதைவிட நல்ல ஏணி இல்லை. ‘ஒளியமைப்பு அருமை’ என்பது திறனாய்வு அல்ல. ‘விளக்கு அவள் முதுகுக்குப் பின்னால், முகம் இருட்டில், கை மட்டும் கதவுத் தாழ்ப்பாளில், வெளிச்சத்தில்’ என்பது கரு. ‘போவதா இருப்பதா என்ற முடிவை முகத்திலிருந்து எடுத்துக் கைக்குக் கொடுத்திருக்கிறார் இயக்குநர்’ என்பது உரி. இரண்டாவது வாக்கியம்தான் கட்டுரையின் வாதம். அதை முதல் பத்தியிலேயே வைக்கச் சொல்லுங்கள்.

தொகுப்பாளர்

நாளை மெய்ப்பு. ‘காட்சியமைவு’ என்று போடுகிறேன், ஐந்து பேர் சரி என்கிறார்கள். சொல் முதன்முதலாக வரும் இடத்தில் ‘மிசான்சேன்’ அடைப்புக்குள் வரும், நான்கு கூறுகளும் கூடவே. தாழ்ப்பாள் எடுத்துக்காட்டை மூன்றாம் படியில் சேர்த்துக்கொள்கிறேன்.

மறுமொழி 1

‘அமைப்பு’க்கும் ‘அமைவு’க்கும் ஈற்றில் மட்டும்தான் வேறுபாடு. பழைய குழப்பம் அப்படியே திரும்பும். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அடுத்த பதிப்பில் அரங்கமைவை மறுபடி கேட்பேன்.