மறு: மீன்களின் நோய் எதிர்ப்பு மரபணுக்களுக்குப் பெயர்

> 'முதன்மைத் திசுப்பொருத்தத் தொகுதி' ஏற்கெனவே இருக்கிறதே, ட்ரவுட் மீனுக்கும் அதுவே போதாதா?

வணக்கம் ஐயா.

மனிதருக்குப் போதும். ஆங்கிலத்தில் எம்எச்சி (MHC) எனப்படும் இந்தத் தொகுதியின் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு மரபணுக்கள் நமக்கு 6ஆம் குரோமோசோமில் அக்கம்பக்கமாக இருக்கின்றன. ட்ரவுட்டில் இரண்டும் வெவ்வேறு குரோமோசோம்களில் கிடக்கின்றன. சேர்ந்தே இல்லாததைத் 'தொகுதி' என்பது எப்படி? மீன் ஆய்வாளர்கள் பலர் ஆங்கிலத்திலேயே தொகுதியைக் (complex) குறிக்கும் அந்தக் கடைசி எழுத்தான 'சி'யைக் கழற்றிவிட்டு 'எம்எச்' என்றுதான் எழுதுகிறார்கள்.

'திசுப்பொருத்தமும்' எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. எலிகளில் திசுவை ஒட்டிப் பார்த்த காலத்துப் பெயர் அது. இந்த மரபணுக்கள் ஆக்கும் புரதங்களின் அன்றாட வேலை வேறு. செல்லுக்குள் நறுக்கப்பட்ட புரதத் துணுக்கைத் தம் பள்ளத்தில் வைத்து, நோய் எதிர்ப்பு வெள்ளணுவான டி செல்லின் முன் நீட்டுகின்றன. வைரஸ் துணுக்காக இருந்தால் டி செல் கண்டுகொள்ளும். டி செல் வைரஸைத் தனியாக அல்ல, இந்தப் புரதங்களோடு சேர்த்தே கண்டுகொள்கிறது என்பதை நோய் எதிர்ப்பு ஆய்வாளர்கள் டோஹர்ட்டியும் சிங்கர்நாகலும் 1974இல் காட்டினார்கள். அதற்கு 1996இல் நோபல் பரிசும் கிடைத்தது.

ஆகவே என் பரிந்துரை: புரதத்துக்குத் 'துணுக்கேந்தி'. மரபணுவுக்குத் 'துணுக்கேந்தி மரபணு'. நேற்று வந்த இன்னொரு பரிந்துரையான 'பெருந்திசுவொவ்வுமைக் கூட்டணி' தேர்தல் நேரத்துக்கு வேண்டுமானால் உதவும்!

அப்புறம், கட்டுரையில் இந்த மரபணுக்களின் பல வடிவங்களைக் குறிக்கும் 'பன்மை' என்ற சொல் பற்றி. நமக்கு முதல் வகுப்பில் ஏ, பி, சி என மூன்று முக்கிய மரபணுக்கள். ட்ரவுட்டுக்கு அந்த இடத்தில் யூபிஏ (UBA) என்ற ஒரே மரபணுதான். தாயிடமிருந்து அதன் ஒரு வடிவம், தந்தையிடமிருந்து ஒன்று, ஆக ஒரு மீனுக்கு அதிகம் போனால் இரண்டு. ஆனால் மீன்கூட்டம் முழுவதையும் எடுத்தால் ஏராளமான வடிவங்கள். வேறுபாடும் பெரும்பாலும் துணுக்கு உட்காரும் பள்ளத்தில்தான். இரண்டு வடிவம் உள்ள மீன் கூடுதல் வகைத் துணுக்குகளை ஏந்தும். அரிய வடிவத்துக்கும் ஓர் அனுகூலம் உண்டு, கிருமி இன்னும் அதற்குப் பழகியிருக்காது. சில பெற்றோரை மட்டும் வைத்துப் பண்ணையில் பெருக்கினால் முதலில் தொலைவது இந்த அரிய வடிவங்களே.

எனவே கூட்டத்தில் காண்பதற்குப் 'பல்லுருமை', ஒரே மீனுக்குள் இரண்டு இருப்பதற்கு 'ஈருருமை' எனப் பிரிக்கலாம். இரண்டையும் 'பன்மை' என்றால் கட்டுரை குழம்பும்.

---

> துணுக்கேந்தி

எனக்குச் சம்மதம். ஒரே தயக்கம்: டி செல்லில் துணுக்கை வாங்கிக்கொள்வதை 'ஏற்பி' என்கிறோம். ஏந்தி, ஏற்பி இரண்டும் ஒரே வரியில் வந்தால் மாணவர் தடுமாறமாட்டாரா?

---

ஒன்று நீட்டுகிறது, மற்றது வாங்குகிறது. சோடியாகவே இருக்கட்டும். பழைய பெயரில் தேடுபவர்களுக்காக முதல் முறை மட்டும் அதை அடைப்புக்குறிக்குள் தந்துவிடலாம்.