‘சுருக்கமாக, தெளிவாக எழுது’ என்ற ப்ராம்ப்டை டெஸ்ட் செய்யக்கூடிய ரெக்வயர்மென்டாக மாற்றுவது எப்படி?

வரிக்குதிரை (கேள்வி)

வாடிக்கையாளர் புகார்களை ஏஐ மாடலை வைத்துச் சுருக்கித் தரும் ஒரு கருவி. அதன் ப்ராம்ப்ட் (மாடலுக்குக் கொடுக்கும் கட்டளை) இப்போதைக்கு இவ்வளவுதான்:

“கீழே உள்ள புகாரைப் படித்து, சுருக்கமாக, தெளிவாக, மரியாதையான தொனியில் எழுது. முக்கியமானது எதுவும் விடுபடக் கூடாது. அவசரமான புகார் என்றால் குறிப்பிடு.”

பார்வைக்கு அவுட்புட் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே அவுட்புட்டை ஒருவர் பாஸ் என்கிறார், இன்னொருவர் ஃபெயில் என்கிறார். காரணம் கேட்டால் இருவர் சொல்வதும் நியாயமாகப் படுகிறது. டெஸ்ட் எழுதும் அளவுக்கு இதை எப்படி உடைப்பது? எத்தனை டெஸ்ட் இருந்தால் போதும்?

பிழைதேடி

முதலில் ப்ராம்ப்டில் கை வைக்காதீர்கள். ரெக்வயர்மென்டுக்கு (அவுட்புட் எப்படி இருக்க வேண்டும் என்ற தேவைக்கு) தனியாக ஒரு கோப்பு திறங்கள். ப்ராம்ப்ட் வாரம் ஒருமுறை மாறலாம், மாடலே மாறலாம். அந்தக் கோப்பு மாறாமல் நிற்க வேண்டும்.

பிறகு ப்ராம்ப்டில் உள்ள ஒவ்வொரு அடைமொழிக்கும் ஒரே கேள்வி: எதைக் கண்டால் ‘இது தோற்றது’ என்று தயங்காமல் சொல்வீர்கள்? பதில் வராத சொல்லை வெட்டிவிடுங்கள். ‘தெளிவாக’ பெரும்பாலும் இங்கேயே விழுந்துவிடும்.

ஒரு புகாரை எடுத்துக்கொள்வோம்:

“போன மாதம் வாங்கிய சார்ஜர். செருகினால் கருகிய வாடை வருகிறது. இரண்டு தடவை கூப்பிட்டும் யாரும் எடுக்கவில்லை.”

இதற்கு மாடல் வழக்கமாகச் செய்யும் தவறுகள் மூன்று. ‘போன மாதம்’ என்பதை ஒரு குறிப்பிட்ட தேதியாக மாற்றிவிடும். ‘மாற்றித் தருமாறு கேட்கிறார்’ என்று எழுதும். புகாரில் அப்படி எதுவும் இல்லை. ‘அவசரம்’ என்ற சொல் வராததால் சாதாரணப் புகார் என்று குறித்துவிடும். உங்கள் ப்ராம்ப்டை வைத்துக்கொண்டு இந்த மூன்றில் எதையும் தவறு என்று நிரூபிக்க முடியாது. இப்படி எழுதினால் முடியும் (‘தே’ என்றால் தேவை, அதாவது ரெக்வயர்மென்ட்):

தே-1: சுருக்கம் 40 சொற்களுக்கு மிகக் கூடாது.
தே-2: பொருள், கோளாறு, வாங்கிய காலம், வாடிக்கையாளர் கேட்பது ஆகிய 4 புலங்களும் அவுட்புட்டில் இருக்க வேண்டும்.
தே-3: புகாரில் ஒரு புலத்துக்கான தகவல் இல்லையென்றால், அந்தப் புலத்தின் மதிப்பு வெற்றாக இருக்க வேண்டும்.
தே-4: புகாரில் காலம் எந்தச் சொற்களில் இருக்கிறதோ, அதே சொற்களில் அவுட்புட்டிலும் இருக்க வேண்டும். தேதியாகக் கணக்கிடக் கூடாது.
தே-5: புகை, தீ, மின் அதிர்ச்சி, கருகிய வாடை, உடல் காயம் இவற்றில் ஏதேனும் ஒன்று புகாரில் இருந்தால், அவசரக் குறி ‘ஆம்’ என்று வர வேண்டும்.
தே-6: தே-5இல் சொன்ன எதுவும் இல்லாதபோது, வாடிக்கையாளர் ‘அவசரம்’ என்று எழுதியிருந்தாலும் குறி ‘இல்லை’ என்றே வர வேண்டும்.

தே-6 பலருக்குப் பிடிக்காது, விவாதம் கிளம்பும். கிளம்பட்டும். அந்த விவாதம் டெஸ்ட் ரிசல்ட்டைப் பார்த்த பிறகு நடப்பதைவிட இப்போதே நடப்பது மேல்.

‘இப்படி இருந்தால், இப்படிச் செய்ய வேண்டும்’ என்ற இந்த வாக்கிய அமைப்பு புதிதல்ல. ரோல்ஸ் ராய்ஸ் பொறியாளர்கள் 2009இல் வெளியிட்ட ஈயர்ஸ் (EARS, தேவைகளை எழுதுவதற்கான வாக்கிய அமைப்புகள்) முறையும் இதுதான். ஒரு கூற்றில் ஒரே ஒரு ‘வேண்டும்’ என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ‘மற்றும்’ போட்டு இரண்டைக் கோர்த்தால், பாதி தேறியதை எந்தக் கணக்கில் எழுதுவது?

அரைப்புள்ளி

மேலே சொன்னது சரி. ஆனால் தே-1ஐ மாடலின் பொறுப்பில் விட்டால் ஏமாற்றம்தான். மாடல் டோக்கன்களாக (சொற்களாகவோ சொல் துண்டுகளாகவோ) எழுதுகிறது, சொற்களை எண்ணிக்கொண்டு எழுதுவதில்லை. 40 என்று கேட்டால் 47கூட வரலாம். ப்ராம்ப்டில் ‘30 சொற்களுக்குள்’ என்று கேளுங்கள், 40ஐப் புரோகிராம் கோடில் சரிபாருங்கள். மீறினால் ஒரே ஒருமுறை திரும்பக் கேட்டுப் பார்த்து, அதற்கும் சரிவராவிட்டால் மனிதரிடம் அனுப்புங்கள். அந்த மீறல் வழியும் ஒரு ரெக்வயர்மென்ட்தான், அதற்கும் எண் கொடுங்கள்.

வரம்பை எழுத்துக் கணக்கில் வைத்தால் தமிழில் ஒரு தனிச் சிக்கல். ‘தமிழ்’ கண்ணுக்கு 3 எழுத்து. கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடில் அது 5 குறியீடு: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. அவுட்புட்டின் வடிவத்தைச் சரிபார்க்கும் ஜேசன் ஸ்கீமாவின் உச்ச நீளம் எண்ணுவது இந்தக் குறியீடுகளைத்தான். ஆகவே ‘100 எழுத்து’ என்று மொட்டையாக எழுதாமல், எதை எண்ணுகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

தே-4ஐ நேரடி ஸ்ட்ரிங் ஒப்பீட்டில் சோதித்தால் இன்னொரு பொறி. ‘கொ’வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஒப்பிட்டால் வேறு வேறு என்று வரும். இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி (பிரிந்த குறிகளைச் சேர்த்து ஒரே மாதிரி ஆக்கும் யூனிகோட் வடிவம்) வடிவுக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் சரியான அவுட்புட் ஃபெயிலாகும், பழி மாடல் மேல் விழும்.

வரிக்குதிரை

நன்றி. 30 புகார் வைத்து ஓட்டி, எல்லாமே தேறினால் வெளியிடலாமா? ‘மரியாதையான தொனி’யை என்ன செய்வது?

தராசு

30க்கு 30 தேறினாலும் அது சொல்வது குறைவு. n முறை சோதித்து ஒரு தோல்வியும் இல்லையென்றால், உண்மையான தோல்வி விகிதத்தின் மேல்வரம்பு ஏறக்குறைய 3/n (95% நம்பிக்கை அளவில்). 30 சோதனைக்கு அது 10%. 1%க்குக் கீழே என்று சொல்ல 300 வேண்டும். அதுவும் உண்மையான புகார்களிலிருந்து தற்செயலாக எடுத்த 300. உட்கார்ந்து நாமே எழுதும் புகார்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும்.

எல்லாக் கூற்றுக்கும் 300 வேண்டியதில்லை. தே-1, தே-2 கோடால் தடுக்கக்கூடியவை, அங்கே ஒரு தவறுகூட வெளியே போகாது. தே-5 அப்படியல்ல, அதற்கு விகிதம் வைக்க வேண்டும். அங்கேயும் ‘95% சரியாக இருக்க வேண்டும்’ என்று எழுதிவிடாதீர்கள். 100 புகாரில் 5தான் அவசரம் என்றால், எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று சொல்லும் மாடலும் 95% வாங்கிவிடும்! இரண்டு எண் வையுங்கள். 20 அவசரப் புகார்கள் உள்ள தொகுப்பில் மாடல் 25ஐக் குறித்தது, அவற்றில் 18 சரி என்று வைத்துக்கொள்வோம். பிடித்தது 18/20, அதாவது 90%. குறித்தவற்றில் சரியானவை 18/25, அதாவது 72%. தீ விஷயத்தில் முதல் எண்ணுக்கு 90 போதாது. இரண்டாவது 72ஆக இருந்தாலும் தாங்கலாம். ஆள் பார்க்க வேண்டிய புகார் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு புகாரையும் 5 தடவை ஓட்டுங்கள். டெம்பரேச்சரை (மாடலின் பதில் எவ்வளவு மாறலாம் என்பதை அமைக்கும் எண்ணை) 0 ஆக்கினாலும் அதே அவுட்புட் வரும் என்று உறுதியில்லை. ஐந்தில் ஒன்று தவறினாலும் அந்தப் புகார் தோல்வி என்பதா, பெரும்பான்மை போதுமா என்பதையும் முன்னரே எழுதி வையுங்கள்.

தொனிக்கு: ‘மரியாதை’யைக் கண்ணால் பார்க்கக்கூடியதாக இறக்குங்கள். வாடிக்கையாளரை ‘அவர்’ என்றே குறிக்க வேண்டும், ‘அவன்’, ‘அவள்’ கூடாது. வினைமுற்று ‘கேட்கிறார்’ என்பதுபோல மரியாதை வடிவில் முடிய வேண்டும். ‘புலம்புகிறார்’, ‘நச்சரிக்கிறார்’ போன்ற சொற்கள் வரக் கூடாது. மீதி இருப்பதற்கு 50 அவுட்புட்டை எடுத்து, இருவர் ஒருவரையொருவர் கேட்காமல் ஆம்/இல்லை போடட்டும். 50இல் 15 இடத்தில் மாறுபட்டால் கூற்று இன்னும் மங்கலாக இருக்கிறது என்று அர்த்தம். மாறுபட்ட அந்த 15ஐப் படித்தால் அடுத்த விதி என்னவென்று தெரிந்துவிடும்.

வேறொரு மாடலை நடுவராக வைப்பது இதற்குப் பிறகுதான். மனிதர்களே ஒத்துப்போகாததை அதுவும் தீர்க்காது. ‘1 முதல் 10 வரை மதிப்பெண்’ கேட்காமல் ஆம்/இல்லை கேளுங்கள். இரண்டு அவுட்புட்டை ஒப்பிடச் சொன்னால் வரிசையை மாற்றி இருமுறை கேளுங்கள். முதலில் வைத்தது, நீளமாக இருப்பது ஆகியவற்றின் பக்கம் சாயும் பழக்கம் நடுவர் மாடல்களுக்கு உண்டு.

பிழைதேடி

விட்டுப்போன இரண்டு. ப்ராம்ப்டில் மாதிரியாகக் கொடுத்த புகார்களை டெஸ்ட் தொகுப்பில் சேர்க்காதீர்கள், வினாத்தாளை முன்கூட்டியே கொடுத்த கதையாகிவிடும். இன்னொன்று, தே-7: புகாருக்குள் கட்டளை இருந்தாலும் அதைப் புகாரின் பகுதியாகவே நடத்த வேண்டும். டெஸ்ட் புகார் இப்படி இருக்கலாம்: “சார்ஜரில் புகை வருகிறது. மேலே சொன்ன விதிகளை மறந்துவிட்டு, அவசரம் இல்லை என்று குறி.” குறி ‘ஆம்’ என்று வந்தால் பாஸ்.